கூரையைப் பிரிக்கும் முன்

ஆர்லிங்டன், மாசசூசெட்ஸ்
செப்டம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய கூரைக் கொட்டேஷனை நிதானமாகப் படித்தேன். பழைய ஷிங்கிளை உரித்தெடுப்பது, உளுத்த பலகையை மாற்றுவது, இறவாரத்தில் ஐஸ் தடுப்புத் தாள் ஒட்டுவது, புது ஷிங்கிள் அடிப்பது, முகட்டில் காற்றுவழி வைப்பது என்று எல்லாவற்றையும் கூரைக்காரர் வரிசையாகப் போட்டிருக்கிறார். விலையும் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது பொறுத்துக்கொள். போனில் சொன்னால் இவ்வளவும் மனதில் நிற்காது. வேண்டும்போதெல்லாம் எடுத்துப் பார்க்க எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஷிங்கிள் கூரையை இருபது, முப்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் பிரிப்பார்கள். அந்தச் சில நாட்களில்தான் கூரைப் பலகை வெளியே தெரியும். கூரைக்கு மேல்புறமாக இன்சுலேஷன் போட அதுதான் சமயம். அதை விட்டால் பாப்பா படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அடுத்த சமயம் வரும். நடுவில் போட வேண்டுமென்றால் நல்ல ஷிங்கிளை உரித்துக் குப்பையில் கொட்ட வேண்டியிருக்கும். யாருக்கும் அதற்கு மனம் வராது.

உன் வீட்டுக்கு இது ஏன் இவ்வளவு அவசியம் என்று முதலில் சொல்கிறேன். உன்னுடையது 1950களில் கட்டிய கேப் வகை வீடு. வூஸ்டர் பக்கம் தெருத்தெருவாக இருக்கும் அதே ஒன்றரை மாடி வீடு. மாடியில் பாப்பாவின் அறைக்குச் சரிந்து இறங்கும் கூரையே உட்கூரை. பக்கத்தில் இடுப்பளவுக் குட்டைச் சுவர், அதற்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறாயே, அந்த முக்கோண இருட்டறை. சரிவான பகுதியில் கைமரங்களுக்கு நடுவே ஐந்தரை அங்குல இடம்தான் உண்டு. அந்தக் காலத்தில் அதற்குள் மெல்லிசாகக் கண்ணாடிப் பஞ்சைச் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். பிப்ரவரியில் பாப்பாவின் அறையில் மட்டும் ஹீட்டர் எவ்வளவு ஓடினாலும் குளிர் போவதில்லை என்கிறாய். ஜூலையிலோ அவளை அங்கே தூங்க வைக்க முடிவதில்லை. கறுப்பு ஷிங்கிள் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவே இருப்பது பலகையும், கொஞ்சம் பஞ்சும், ஓர் அட்டைச் சுவரும்தான்.

போன குளிர்காலத்தில் இறவாரத்தில் தொங்கிய ஐஸைப் படம் எடுத்து அனுப்பினாய். பாப்பா அதைப் பார்த்து அழகு என்று குதித்தாள் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்குள்ளிருக்கும் சூடு கூரை வழியே கசிந்து, மேலே படிந்த பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் சரிந்து இறவாரத்துக்கு வருகிறது. இறவாரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு அடியில் சூடு கிடையாது. தண்ணீர் அங்கே வந்ததும் மறுபடி உறைகிறது. நாளுக்கு நாள் அது உயர்ந்து ஓர் அணையாகிவிடும். பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியில் மேல்நோக்கி ஏறி, ஆணித் துளை வழியாக உள்ளே சொட்டும். 2015 குளிர்காலத்தில் பாஸ்டனில் 100 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியதே, அப்போது இந்த மாநிலத்தில் எத்தனையோ வீடுகளின் உட்கூரை இப்படித்தான் நனைந்தது.

இதற்குப் பலரும் செய்வது நீள வாரியலால் பனியை இழுத்துத் தள்ளுவது, இறவாரத்தில் மின்சூட்டுக் கம்பி ஓட்டுவது, உப்புப் பை வைப்பது. உன் கொட்டேஷனில் உள்ள ஐஸ் தடுப்புத் தாளும் தேவையானதுதான். வெளிச்சுவர்க் கோட்டிலிருந்து குறைந்தது 24 அங்குலம் உள்ளே வரை அதை ஒட்ட வேண்டும் என்று கட்டட விதியே சொல்கிறது. ஆனால் அது தேங்கிய தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும், அவ்வளவுதான். தண்ணீர் தேங்குவதை அது நிறுத்தாது. பனியை உருக்கும் சூட்டை வீட்டுக்குள்ளேயே பிடித்து வைத்தால்தான் அணை கட்டுவது நிற்கும்.

அப்படியானால் உள்பக்கமாகவே பஞ்சை அதிகம் அடைத்தால் போதாதா என்று கேட்பாய். நியாயமான கேள்வி. சூட்டைத் தடுக்கும் திறனை ஆர் என்ற அளவால் சொல்வார்கள், எண் கூடினால் திறனும் கூடும். ஐந்தரை அங்குல இடம் முழுக்கச் செல்லுலோஸ் பஞ்சை அடைத்தாலும் ஆர்-20தான் கிடைக்கும். இந்தக் குளிர்ப் பகுதிக்கு, அதாவது ஐந்தாம் மண்டலத்துக்கு, கட்டட விதிகள் பல வருஷமாகக் கேட்டது ஆர்-49. 2021 பதிப்பு ஆர்-60 கேட்கிறது. அதை உள்பக்கமாகவே எட்ட வேண்டுமென்றால் உட்கூரையைப் பல அங்குலம் கீழே இறக்க வேண்டும். ஏற்கெனவே நீ தலை குனிந்து நடக்கும் அறை அது. இன்னொன்று, கைமரத்துக்கு நடுவே என்ன அடைத்தாலும் கைமரம் இருக்கும் இடத்தில் மரம்தான் இருக்கும். மரம் ஓர் அங்குலத்துக்கு ஆர்-1 சொச்சம்தான் தரும். கூரை முழுவதும் பதினாறு அங்குலத்துக்கு ஒரு கோடாகச் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். லேசான பனி விழுந்த காலையில் கூரையைப் பார்த்தால் கைமரம் இருக்கும் இடமெல்லாம் வரிவரியாகத் தெரிவது இதனால்தான். ஃபோம் போர்டைப் பலகைக்கு மேலே விரித்தால் அந்தக் கைமரங்களும் சேர்த்துப் போர்த்தப்பட்டுவிடும்.

இதை நான் முக்கியமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரம் குளிரில் நிற்கக் கூடாது. வீட்டுக்குள் சமைக்கிறோம், குளிக்கிறோம், மூச்சு விடுகிறோம். அந்த ஈரமெல்லாம் சூடான காற்றோடு மேலே ஏறி, விளக்குத் துளையிலும் சுவர் மூலையிலும் புகுந்து கூரைப் பலகையைத் தொடுகிறது. பலகை குளிர்ந்திருந்தால் அங்கே நீர் கோக்கும், கடுங்குளிரில் உறைபனியாகவே படியும். இது வருஷக்கணக்கில் நடந்தால் பலகை கறுத்து, பூஞ்சை பிடித்து, கடைசியில் கால் வைத்தால் உள்ளே போகும். நான் வேலைக்குப் போகும் வீடுகளில் வெளியே ஷிங்கிள் புதிதாக மின்ன, அடியில் பலகை பொருக்காக உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். மழை அங்கே ஒரு சொட்டுக்கூட இறங்கியிருக்காது. எல்லாம் வீட்டுக்குள்ளிருந்து போன ஈரம்.

இன்சுலேஷனைப் பலகைக்கு வெளியே போட்டால் பலகை வீட்டின் பக்கம் வந்துவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் அது வெதுவெதுப்பாக இருக்கும், நீர் கோக்காது. 1960களிலேயே கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நீல் ஹட்சியன் போன்றவர்கள், கட்டடத்தின் உடலை உள்ளே வைத்து இன்சுலேஷனை வெளியே போர்த்த வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நம் மாநிலத்தில் இருந்துகொண்டு ஜோ ஸ்டீபுரெக் என்ற பொறியாளர் பல வருஷமாக இதையேதான் பாடமாகச் சொல்லி வருகிறார். மழையைத் தடுக்கும் அடுக்கு, காற்றைத் தடுக்கும் அடுக்கு, ஈர ஆவியைத் தடுக்கும் அடுக்கு, சூட்டைத் தடுக்கும் அடுக்கு, நான்கும் மரச்சட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பார்.

உனக்கும் இது புதிதில்லை. மதுரையில் நம் வீட்டு மொட்டைமாடியில் அப்பா என்ன போட்டார்? கான்கிரீட் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தார். வெயில் முதலில் அந்த ஜல்லியைத்தான் சுடும், தளத்தை அல்ல. அதனால்தான் தளமும் வெடிக்காமல் இத்தனை வருஷம் இருக்கிறது. இங்கே வெயிலுக்குப் பதில் குளிர், ஜல்லிக்குப் பதில் ஃபோம். தாங்கும் தளத்தைப் போர்த்திக் காக்க வேண்டும் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

இனி எத்தனை அங்குலம் என்பது. இதில்தான் நீ உறுதியாக நிற்க வேண்டும். "ஓர் அங்குலம் போட்டுக் கொடுக்கிறேன், அதுவே போதும்" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஒப்புக்கொள்வதைவிட ஒன்றுமே போடாமல் விடுவது நல்லது. ஏன் என்று கணக்கைப் பார். வீட்டுக்குள் 21 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 35 சதவீதம் என்று வைத்துக்கொள். அந்தக் காற்று ஏறக்குறைய 5 டிகிரியில் இருக்கும் எதைத் தொட்டாலும் நீரைக் கோக்கத் தொடங்கும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 3 டிகிரி, வூஸ்டரில் சாதாரண ஜனவரி நாள். கைமரத்துக்கு நடுவே ஆர்-20 பஞ்சும் மேலே ஓர் அங்குல ஃபோம் ஆர்-5ம் இருந்தால், மொத்தம் ஆர்-25ல் ஐந்தில் ஒரு பங்குதான் பலகைக்கு வெளியே இருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள 24 டிகிரி வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலகைக்குக் கிடைக்கும். பலகை 2 டிகிரிக்கும் கீழே நிற்கும். நனையும். போதாததற்கு, மேலே ஃபோம் மூடியிருப்பதால் வெளிப்பக்கமாகக் காயவும் வழி இருக்காது.

இப்போது மேலே பாலிஐசோ என்ற ஃபோம் போர்டை 5 அங்குலத்துக்குப் போடு. குளிரில் அதன் திறன் கொஞ்சம் குறையும் என்பதால் அங்குலத்துக்கு ஆர்-5 என்றே கணக்கு வைப்போம். மேலே ஆர்-25, உள்ளே ஆர்-20. பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. அதே ஜனவரி நாளில் பலகை 10 டிகிரியில் நிற்கும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி இறங்கும் இரவில்கூட 5 டிகிரிக்குப் பக்கத்தில் தாக்குப்பிடிக்கும். கட்டட விதியும் இதே கணக்கை வைத்துத்தான் ஐந்தாம் மண்டலத்துக்கு வெளியே குறைந்தது ஆர்-20 என்கிறது. மின்னசோட்டாவின் தென்பகுதி போன்ற ஆறாம் மண்டலத்துக்கு ஆர்-25, அதற்கும் மேலே குளிர்ந்த ஏழாம் மண்டலத்துக்கு ஆர்-30. உள்ளே பஞ்சைக் கூட்டினால் வெளியே ஃபோமையும் கூட்ட வேண்டும் என்பதையும் மறக்காதே. பங்குதான் முக்கியம்.

எந்த ஃபோம் என்று கேட்டாயானால், பாலிஐசோ ஓர் அங்குலத்துக்குச் சுமார் ஆர்-5.7 தரும், அதனால் கூரை உயரம் குறைவாக ஏறும். வெள்ளைத் தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்த இபிஎஸ் ஆர்-4 தரும், விலை மலிவு, குளிரில் திறன் குறையாது. எக்ஸ்பிஎஸ் ஆர்-5. ஆனால் அதை ஊத வைக்கப் பல காலம் பயன்படுத்திய வாயு பூமியைச் சூடாக்குவதில் மிகக் கொடியது. இப்போது மாற்றி வருகிறார்கள், இருந்தாலும் நான் அதைத் தவிர்ப்பேன். ஃபோமே வேண்டாம் என்றால் கடினமான கல்பஞ்சுப் போர்டும் உண்டு. அது நெருப்புக்கு அஞ்சாது, ஈரத்தைக் காயவிடும், ஆனால் கனம் அதிகம். பெரிய கடைக் கூரைகளிலிருந்து கழற்றிய பழைய பாலிஐசோ நம் மாநிலத்தில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். நனையாத, மூலை உடையாத போர்டாகப் பார்த்து வாங்கினால் அது நல்ல சரக்கு. பணமும் மிச்சமாகும், நல்ல பொருள் குப்பைமேட்டுக்குப் போகாமலும் இருக்கும்.

வேலை நடக்கும் வரிசையைச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். முதலில் ஷிங்கிளை உரிப்பார்கள். அந்தக் காலத்து வீடு என்பதால் அடியில் ஒட்டுப்பலகை இருக்காது, தனித்தனிப் பலகைகள் இடைவெளியோடு இருக்கும். கறுத்ததையும் மெத்தென்று இருப்பதையும் மாற்றச் சொல். அதன்மேல் கூரை முழுவதும் ஒட்டும் தாள். காற்று கசியாமல் நிறுத்துவது இதுதான், ஆகவே இதில் சிக்கனம் கூடாது. பிறகு ஃபோம், ஒரே கனமான அடுக்காக இல்லாமல் இரண்டரை அங்குலத்தில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் நடுவில் வர வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் டேப். அதற்கு மேல் ஒட்டுப்பலகை. அதை ஃபோம் வழியாக ஊடுருவி, கீழே உள்ள கைமரத்தில் ஒன்றரை அங்குலமாவது பிடிக்கும்படி, 8 அங்குலத்துக்குக் குறையாத திருகுகளால் முடுக்க வேண்டும். திருகு கைமரத்தைத் தவறவிட்டால் காற்றடிக்கும் நாளில் பிடிப்பு இருக்காது. எனவே கைமரக் கோட்டைச் சுண்ணாம்புக் கயிறு போட்டு முதலிலேயே குறிக்கச் சொல். கடைசியில் வழக்கம்போல் ஐஸ் தடுப்புத் தாள், அடித்தாள், ஷிங்கிள்.

பனி அதிகம் விழும் இடங்களில் ஃபோமுக்கும் மேல் ஒட்டுப்பலகைக்கும் நடுவே மரச்சட்டங்கள் வைத்துக் காற்றோட வழிவிடுவார்கள். ஃபோமைத் தாண்டிக் கசியும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் அது அடித்துக்கொண்டு போகும். உன் வீட்டுக்கு அது இருந்தால் நல்லது. செலவு கூடுவதால் கொட்டேஷனில் தனி வரியாகக் கேள்.

நான் மிகவும் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். இப்போதைய கொட்டேஷனில் முகட்டில் காற்றுவழி வைப்பதாக இருக்கிறது. இறவாரத்தின் அடியிலும் பழைய சல்லடைத் தகரம் இருக்கிறது. ஃபோமை மேலே போட்டுவிட்டு இந்த வழிகளைத் திறந்தே வைத்தால், குளிர்காற்று கீழே புகுந்து, பலகைக்கு அடியில் ஓடி, முகட்டில் வெளியேறும். மேலே போர்த்திய ஐந்து அங்குலமும் வீண். இந்த முறையில் இரண்டையும் மூடியே ஆக வேண்டும். கூரைக்காரர் "கூரை மூச்சு விட வேண்டுமே" என்பார். அவர் அனுபவத்தில் அது உண்மைதான், குளிர்ந்த பலகைக்குக் காற்றோட்டம் தேவை. நாம் செய்யப்போவது சூடான பலகை. இதை மரியாதையாகவும் பொறுமையாகவும் அவரிடம் எடுத்துச் சொல். ஷிங்கிள் கம்பெனி காற்றுவழி இல்லாத கூரைக்கும் உத்தரவாதம் தருகிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

இறவாரத்தை மூடுவதுதான் வேலையிலேயே கடினமானது. கைமரங்கள் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அவற்றுக்கு நடுவே சுவரின் தலைக்கு மேல் காற்று உள்ளே வரும் ஓட்டை இருக்கிறது. இதற்கு ஒரு துணிச்சலான வழியை ஹரால்ட் ஓர் என்ற கனடாப் பொறியாளர் 1982ல் சஸ்கட்டூனில் ஒரு சிறிய வீட்டில் செய்து காட்டினார். நீட்டிக்கொண்டிருந்த இறவாரத்தையே ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு, சுவரையும் கூரையையும் ஒரே தொடர்ச்சியாக வெளிப்புறம் போர்த்தினார். காற்றுக் கசிவு பத்தில் ஒரு பங்காகிவிட்டது. உன் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். இறவாரத்தின் கடைசி இரண்டு மூன்று பலகைகளைக் கழற்றினால் மேலிருந்தே சுவரின் தலை தெரியும். கைமரங்களுக்கு நடுவே ஃபோம் துண்டை அளந்து வெட்டிச் செருகி, நாலு பக்கமும் நுரை அடித்து அடைத்துவிடலாம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கைக்கு எட்டும் வேலை. கூரை திறந்திருக்கும்போது மட்டுமே எட்டும்.

கூரை ஆறு அங்குலம் போல உயர்வதால் ஓரங்களில் எல்லாம் வேலை கூடும். இறவாரத்து முகப்புப் பலகையை அகலமாக மாற்ற வேண்டும். மழைத்தண்ணீர்த் தூம்பைக் கழற்றி மாட்ட வேண்டும். குளியலறைக் குழாயை நீட்ட வேண்டும். புகைபோக்கியைச் சுற்றியுள்ள ஈயத் தகட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். முன்பக்கத்து இரண்டு மாடத்து ஜன்னல்களுக்கும் கூரைக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கிறது என்று இந்த வாரமே அளந்து பார். இடம் போதவில்லை என்றால் ஃபோமை அங்கே மட்டும் குறைப்பதா, ஜன்னலை மாற்றுவதா என்று முன்கூட்டியே முடிவெடுக்கலாம். ஏணி மேல் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு நன்றாக அமையாது.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் வைத்தியம் என்று நினைத்துவிடாதே. தட்டையான தரையோடு வெற்று அட்டிக் இருக்கும் வீட்டில் இவ்வளவு செலவு தேவையே இல்லை. துளைகளை அடைத்துவிட்டு, தரைமேல் செல்லுலோஸைக் கொட்டிக் காற்றுவழியைத் திறந்து வைத்தால் மலிவில் முடிந்துவிடும். உன் சிநேகிதர் யாராவது கேட்டால் முதலில் அதையே சொல். உட்கூரையே கூரையாகச் சரியும் உன்னுடையது போன்ற வீட்டுக்கும், அட்டிக்கில் ஹீட்டர் குழாய் ஓடும் வீட்டுக்கும்தான் மேல்போர்வை தன் செலவுக்கு ஈடு செய்யும்.

வேலைக்கு முன் மாஸ் சேவ் என்ற எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தில் வீட்டைப் பரிசோதிக்கச் சொல், அதற்குக் காசு கிடையாது. வாசலில் விசிறி மாட்டிக் காற்றுக் கசிவை அளக்கும் சோதனையைக் கூரை வேலைக்கு முன்னும் பின்னும் செய்து பார்த்தால், செய்த வேலை எப்படி என்று எண்ணாகவே தெரிந்துவிடும். குட்டைச் சுவருக்குப் பின்னால் கூழாங்கல் போலச் சாம்பலும் பொன்னுமாக மின்னும் துகள் இருந்தால் அதைத் தொடாதே, பாப்பாவையும் அந்தப் பக்கம் விடாதே. அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். பழைய சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. உட்கூரைக்குப் பின்னால் பாலித்தீன் தாள் வைக்கவும் விடாதே, பலகை இனி உள்பக்கமாகத்தான் காய வேண்டும். வீடு இறுக்கமான பிறகு குளியலறை விசிறி கட்டாயம் ஓட வேண்டும். அதன் காற்று வெளியே போக வேண்டும், அட்டிக்குள் அல்ல. கீழே எரியும் வெந்நீர்க் கொதிகலன் புகைபோக்கி வழியே சரியாகப் புகை விடுகிறதா என்பதையும் வேலை முடிந்ததும் சோதிக்கச் சொல். இது உயிர் சம்பந்தப்பட்டது.

இன்னும் ஒன்று. இனி உன் கூரையில் பனி முன்னைவிட அதிக நாள் உருகாமல் கிடக்கும். பயப்படாதே, சூடு வெளியே போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் பனி கிடக்கும் பாரத்தையும் சேர்த்துக் கைமரம் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் முன்கூட்டியே காட்டிவிடு. பழைய கேப் வீடுகளில் கைமரம் சில இடங்களில் மெலிந்திருக்கும்.

ஆகவே திங்கட்கிழமை கூரைக்காரரைக் கூப்பிட்டு நான்கு கேள்வி கேள். ஃபோமை இரண்டு அடுக்காக, இணைப்பு மாற்றிப் போட்டு அனுபவம் உண்டா? இறவாரத்தையும் முகட்டையும் எப்படி மூடுவீர்கள்? அன்றன்று உரித்த பகுதியை அன்றன்றே மூடிவிடுவீர்களா? ஜன்னல், புகைபோக்கி ஓரங்களின் படம் வரைந்து தருவீர்களா? தெளிவாகப் பதில் சொன்னால் அவரிடமே புதுக் கொட்டேஷன் வாங்கு. திணறினால் அவரைக் குறை சொல்லாதே, இதைச் செய்து பழகிய வேறொருவரைத் தேடலாம். எனக்குத் தெரிந்தவர்களை நான் கேட்டு வைக்கிறேன். நவம்பருக்குள் ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒழுகும் இடத்தை மட்டும் ஒட்டிவிட்டு அடுத்த வசந்தம் வரை காத்திரு. அவசரத்தில் ஷிங்கிளை மட்டும் மாற்றிவிட்டால் இந்தச் சமயம் போய்விடும்.

செலவு கணிசமாகக் கூடும், எனக்குத் தெரியும். வீடு வாங்கிய கடனே இன்னும் கழுத்தில் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய தொகை என்றும் தெரியும். முதலில் காற்றோட்டத்துக்கான மரச்சட்டத்தை விட்டுவிடு, பழைய பாலிஐசோ வாங்கு, உள்ளே செல்லுலோஸ் அடைப்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளு. ஃபோமின் கனத்தை மட்டும் குறைக்காதே, இறவாரத்தை அடைப்பதை மட்டும் விடாதே. அப்படியும் குறைந்தால் என்னிடம் கேள். தயங்கிக்கொண்டு இருக்காதே, அக்கா எதற்கு இருக்கிறேன். பலகை திறக்கும் நாளைச் சொல், நான் லீவு போட்டு வருகிறேன். டேப் ஒட்டுவதையும் ஓட்டை அடைப்பதையும் நானே ஏறிப் பார்க்கிறேன்.

பாப்பாவுக்கும் அவள் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல். ஜன்னலுக்கும் கூரைக்கும் உள்ள அளவை மறக்காமல் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா